மேலே பார்க்க முன் மாதத்தைப் பாருங்கள்: கொழும்பு வானத்து முகில்களை அறியச் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

கொழும்புக்கு மழை வர இரண்டு வாசல் உண்டு. ஒன்று கடல் பக்கம், மற்றது தரைப் பக்கம். எந்த மாதத்தில் எந்த வாசல் திறந்திருக்கும் என்று தெரிந்தவர், முகிலின் பெயர் தெரியாவிட்டாலும் நனையாமல் வீடு சேருவார். பத்து முகிலின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டுத் தவறான பக்கத்தைப் பார்த்து நிற்பவர் நனைவார்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வேர் வடக்கிலோ கிழக்கிலோ இருக்கிறது. சோளகம் (தென்மேல் காற்று), வாடை (வடகீழ் காற்று) என்ற பெயர்கள் வீட்டிலேயே காதில் விழுந்தவை. ஆனால் அங்கே படித்த வானம் இங்கே அப்படியே பொருந்தாது. சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கும், கொழும்பு நனையும். யாழ்ப்பாணத்தின் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. கொழும்பில் மழை உச்சம் தொடும் காலம் இரண்டு: ஒன்று மே மாதத்தை ஒட்டி, மற்றது ஒக்டோபரை ஒட்டி. வாடைக்காலத்தின் பின்பகுதியான ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பின் காய்ந்த மாதங்கள். ஊர் மாறினால் வானத்தையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

முகில் பார்ப்பது நாளைக்கு ஆரூடம் சொல்வதற்கு அல்ல. நாளையையும் மறுநாளையும் வளிமண்டலவியல் திணைக்களம் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஒரு மணித்தியாலத்தில் உங்கள் தெருவில் என்ன நடக்கப்போகிறது என்பதை உங்கள் கண்ணைவிட விரைவாகச் சொல்ல எவருமில்லை. அதற்கான வழிகள் இவை.

முதலில் நாட்காட்டி

• மார்ச், ஏப்ரல் – முதலாவது இடைப்பருவம். காலை வெயில், பின்னேரம் இடியோடு மழை. ஏப்ரல் 5 முதல் 15 வரை நண்பகல் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். சித்திரைப் புத்தாண்டுப் பின்னேரங்களில் இடி முழங்க அதுவும் ஒரு காரணம்.

• மே முதல் செப்டெம்பர் வரை – தென்மேல் பருவப்பெயர்ச்சி. மழை கடலிலிருந்து வரும். இரவிலும் விடியற்காலையிலும்கூட வரும். மே, ஜூனில் கூடும், ஜூலை, ஓகஸ்டில் சற்றுக் குறையும். ஆடிவேல் காலத்துத் தூறல் இந்த வகை.

• ஒக்டோபர், நவம்பர் – இரண்டாவது இடைப்பருவம். பின்னேர இடிமழையோடு வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் புயல்களும் சேரும் காலம்.

• டிசம்பர் முதல் பெப்ரவரி வரை – வடகீழ் பருவப்பெயர்ச்சி. காலையில் தெளிந்த வானம், இலேசான குளிர். மழை வந்தால் பெரும்பாலும் தரைப் பக்கத்திலிருந்து, பின்னேரத்தில்.

செய்ய வேண்டியவை

1. மாதத்துக்கு ஏற்ற திசையைப் பாருங்கள்.
மே முதல் செப்டெம்பர் வரை மேற்கையும் தென்மேற்கையும் பாருங்கள். வெள்ளவத்தைக்காரருக்கு இது எளிது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் எந்த ஒழுங்கையின் முடிவிலும், மெரைன் டிரைவும் தண்டவாளமும் தாண்டி, கடல்வானம் முழுதாகத் திறந்து கிடக்கும். கொட்டாஞ்சேனைக்காரர் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மேலே பார்க்கலாம். இடைப்பருவத்தில் கிழக்கே திரும்புங்கள். பகலில் கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ள, அவிசாவளை, ஹங்வெல்லப் பக்கம் முகில்கள் எழும்பும். மேலே வீசும் காற்று கிழக்கிலிருந்து வந்தால் அவை பின்னேரத்தில் கரைக்கு நகரும். தொடர்மாடியில் இருப்பவர்கள் கடல் பார்க்கும் யன்னலோடு மட்டும் நின்றுவிடாமல், பின்பக்கப் படிக்கட்டு யன்னலுக்கும் ஒருதரம் போய்வர வேண்டியது இந்த மாதங்களில்தான்.

2. ஒரே முகிலை இரண்டு தரம் பாருங்கள்.
ஒரு பார்வை பெயரை மட்டும் தரும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்கும் இரண்டாவது பார்வைதான் செய்தியைத் தரும். எதிர் மாடியின் தண்ணீர்த் தாங்கியையோ கைபிடிச் சுவரின் விளிம்பையோ அடையாளமாக வைத்து, அசையாமல் நின்று பாருங்கள். தட்டை அடியும் உருண்ட தலையும் கொண்ட திரள் முகில் அகலமாகிக்கொண்டு போனால் அவசரமில்லை. உயரமாகிக்கொண்டு போனால் கவனம் தேவை. அதன் தலையில் உள்ள முடிச்சுகள் வெட்டி வைத்தது போலக் கூர்மையான விளிம்போடு இருக்கும்வரை அது இன்னும் நீர்த்துளிதான். அந்த விளிம்பு மங்கி நார் நாராகப் பிரியத் தொடங்கினால் தலை பனிக்கட்டித் துகளாகிவிட்டது என்று பொருள். அது திரள்மழை முகிலாகிவிட்டது. இடி இனி எந்நேரமும் வரலாம்.

3. முகிலின் அடியையும் முடியையும் தனித்தனியே பாருங்கள்.
அடி எவ்வளவு உயரத்தில் என்பதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையிலான ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் 125 மீற்றர். கொழும்பில் வெப்பநிலை 30 பாகை, பனிபடுநிலை 25 பாகை என்றால், 5 தர 125, அதாவது ஏறத்தாழ 625 மீற்றரில் திரள் முகிலின் அடி நிற்கும். தட்டையாகவும் தாழ்வாகவும் தெரிவது அந்த அடி. முடி எங்கே போகிறது என்பதே அபாயத்தைச் சொல்லும். நல்ல வானிலைத் திரள் முகில் சில நூறு மீற்றர் தடிப்போடு நின்றுவிடும். அயன மண்டலத்தின் திரள்மழை முகில் 15 கி.மீ.க்கு மேலும் எழும்பி, அதற்கு மேல் போக வழியில்லாமல் பட்டடை வடிவில் பக்கவாட்டில் பரவும்.

4. விரலால் அளவிடுங்கள்.
துண்டு துண்டாக, வரிசையாகப் பரந்த முகில்கள் மூன்று மட்டத்தில் வரும். கையை முழுதாக நீட்டிப் பிடியுங்கள். ஒரு துண்டு சுண்டுவிரல் அகலத்துக்குள் மறைந்தால் அது உயரத்துக் கீற்றுத்திரள். அதைவிடப் பெரிதாகவும் மூன்று விரல் அகலத்துக்குள் அடங்குவதாகவும் இருந்தால் இடைத்திரள். மூன்று விரலையும் மீறினால் தாழ்ந்த படைத்திரள். முதலிரண்டு வகையும் பொதுவாக உங்கள் பின்னேரத்தைக் கெடுப்பதில்லை. மூன்றாவதில் தூறல் விழலாம். இந்த அளவை அடிவானத்துக்கு அருகில் செய்யாமல் மேலே உள்ள முகில்களில் செய்யுங்கள்.

5. உங்கள் நிழலைப் பாருங்கள்.
வானம் முழுதும் பால்வெள்ளையாக மூடியிருக்கிறது, சூரியன் மங்கலாகத் தெரிகிறது. நிலத்தில் நிழல் விழுந்தால் மேலே இருப்பது கீற்றுப்படை. நிழல் இல்லாவிட்டால் அது இடைப்படை. இடைப்படை தடித்து, சூரியன் இருக்குமிடமே தெரியாமல் போய், கீழே கந்தலான துண்டுகள் ஓடத் தொடங்கினால் மழைப்படை வந்துவிட்டது. அது விட்டு விட்டுப் பெய்யாமல் மணிக்கணக்கில் நின்று பெய்யும். தாழமுக்கம் அருகே இருக்கும் நவம்பர் நாட்களில் இந்த வரிசையைக் கண்டால் அன்றைய வெளிவேலையைத் தள்ளிவைப்பது நல்லது.

6. கடல் விளிம்பைக் கண்காணியுங்கள்.
தென்மேல் காலத்தில் கொழும்பின் மிகச் சிறந்த மழை எச்சரிக்கை இதுதான். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பாருங்கள். முதலில் கடலும் வானும் சேரும் கோடு ஓரிடத்தில் அழியும். பிறகு தூரத்துக் கப்பல் மங்கி மறையும். அடுத்து அதற்குக் கிட்ட நின்ற கப்பல். மழைத்திரை நகர்ந்து வருகிறது.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது நீங்கள் நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. கடற்கரையில் நிற்பவருக்குக் கடல் விளிம்பு 5 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். 25 மீற்றர் உயர மாடியில் நிற்பவருக்கு அது ஏறத்தாழ 18 கி.மீ. மழை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நேராக வந்தால் மாடியில் நிற்பவருக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும். கரையில் நிற்பவருக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. ஆகவே மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். "அன்ரி, கடல்பக்கம் இருட்டிக்கொண்டு வருது, மிளகாயை எடுங்கோ" என்று ஒரு குரல் போதும். சரக்குத்தூளுக்குக் காயவைத்த மிளகாய் ஒருதரம் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

7. திடீர்க் குளிர்காற்றை மதியுங்கள்.
புழுக்கமான பின்னேரம். கடற்காற்று நின்றுவிடுகிறது. சிறிது நேரம் இலைகூட அசைவதில்லை. பிறகு, அதுவரை வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. இடிமுகிலின் உள்ளே மழையோடு இறங்கிய கனத்த காற்று தரையில் மோதிப் பரவி, மழைக்கு முன்னே ஓடிவருவது அது. அதன் முன்விளிம்பில் வானத்துக்குக் குறுக்கே கறுப்புச் சுருள் போல ஒரு தாழ்ந்த முகில் தெரிந்தால் இன்னும் வேகமான காற்று வரும். தகரக் கூரை, விளம்பரப் பலகை, பழைய மரம் ஆகியவற்றின் கீழிருந்து உடனே விலகுங்கள். யன்னலில் வைத்த பூச்சாடியையும் உள்ளே எடுங்கள்.

8. காலை வானத்தில் சிறு கோபுரங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.
மார்ச், ஏப்ரல், ஒக்டோபர் காலைகளில், இடைமட்டத்தில் ஒரே அடியின் மேல் சிறு சிறு கோபுரங்கள் வரிசையாக முளைத்திருந்தால் மேல்வளி நிலைகுலைந்திருக்கிறது என்று பொருள். அன்று பின்னேரம் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். பாடசாலை விளையாட்டுப் பயிற்சியையோ கட்டட வேலையின் கொங்கிறீட் ஊற்றலையோ காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

9. வானத்தை எட்டாகப் பிரியுங்கள்.
'மப்பாக இருக்கிறது' என்று சொல்வதைவிட, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு முகில் என்று சொல்லிப் பழகுங்கள். வானிலை அவதானிப்பாளர்கள் உலகெங்கும் இப்படித்தான் பதிகிறார்கள். இரத்மலானை, கட்டுநாயக்க விமான நிலைய அவதானிப்புகளிலும் இதே கணக்குத்தான். எட்டில் மூன்று காலையில், எட்டில் ஆறு நண்பகலில் என்று தெரிந்தால் வானம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவாகும்.

10. கண்ணால் கண்டதை அறிவிப்போடு ஒப்பிடுங்கள்.
பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் வளிமண்டலவியல் திணைக்களம் அன்றாட முன்னறிவிப்பையும், கடும் மின்னல், பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கைகளையும் தமிழிலும் வெளியிடுகிறது. மின்னல் எச்சரிக்கை மேல் மாகாணத்துக்கு இருக்கிறது, கிழக்கே முகிலும் எழும்புகிறது என்றால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. ஆபத்து நேர்ந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

செய்யக்கூடாதவை

1. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.
கொழும்பின் கடல் மேற்கே இருப்பதால் இந்தத் தவறு இங்கே எளிதில் நேரும். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். கடலுக்கு மேல் எழும்பி நிற்கும் பெரிய மழைமுகில்கூட வெயில்பட்டு வெள்ளை வெளேரென்று அழகாகத் தெரியும். மாலையில் சூரியன் முகிலுக்குப் பின்னால். தீங்கில்லாத சிறு முகிலும் கன்னங்கரேலென்று பயமுறுத்தும். காலையில் வெள்ளையை நம்பாதீர்கள், மாலையில் கறுப்பைக் கண்டு அஞ்சாதீர்கள். இரண்டு வேளையிலும் உயரத்தையும் வளர்ச்சியையும் பாருங்கள். தலைக்கு மேலே வந்த முகிலின் அடி கறுத்திருந்தால் மட்டும் நிறம் நம்பத் தகுந்தது. வெளிச்சம் ஊடுருவ முடியாத அளவுக்கு அது தடித்திருக்கிறது.

2. நிலவைச் சுற்றிய வட்டத்தைக் கண்டதும் மழை உறுதி என்று முடிவுகட்டாதீர்கள்.
'அகல்வட்டம் பகல்மழை' என்று முன்னோர் சொன்னதில் கவனிப்பு இருக்கிறது. கீற்றுப்படையின் பனித்துகள்கள் ஒளியை 22 பாகை வளைப்பதால் அந்தப் பெரிய வட்டம் உண்டாகிறது. நீட்டிய கையில் பெருவிரல் நுனியை நிலவின் மேல் வைத்து விரல்களை அகல விரித்தால், சுண்டுவிரல் நுனி ஏறத்தாழ வட்டத்தைத் தொடும். ஆனால் கொழும்பில் இந்தக் கீற்றுப்படை பெரும்பாலும் எங்கோ பெய்து முடிந்த இடிமுகிலின் மிச்சம். ஒரு வட்டம் போதாது. அதன்பின் முகில் தடித்துத் தாழ்ந்து வந்தால்தான் பொருட்படுத்த வேண்டும். நிலவை ஒட்டினாற்போல நிறத்தோடு தெரியும் சிறு வளையம் வேறு. அது நீர்த்துளி முகிலின் வேலை, மழை அடையாளம் அல்ல.

3. வட்டத்தைப் பார்க்கச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள்.
பகலில் சூரியனைச் சுற்றி வட்டம் தெரிந்தால், சூரியனை ஒரு கட்டடத்தின் விளிம்பாலோ உள்ளங்கையாலோ முழுதாக மறைத்துவிட்டு வட்டத்தை மட்டும் பாருங்கள். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

4. சாம்பல் வானமெல்லாம் முகில் என்று எண்ணாதீர்கள்.
வாடைக்காலத்தில் சில நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து துறைமுகப் பக்கத்து உயர்மாடிகள் மங்கித் தெரியும். முகிலுக்கு உள்ள விளிம்போ அடியோ அதில் இருக்காது. அது புகையும் தூசியும் கலந்த புகார். வடகிழக்குக் காற்று இந்தியத் துணைக்கண்டத்தின் மாசையும் கொண்டுவந்து சேர்க்கும். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்தபோது காற்றின் தரம் கெட்டு, டிசம்பர் 9 அன்று பாடசாலைகள் மூடப்பட்டன. அப்படியான நாளில் குடையைவிட முகக்கவசமே தேவை. இழுப்பு உள்ளவர்கள் காலை நடையைத் தவிர்க்க வேண்டும்.

5. 'பெரிய மழை சீக்கிரம் விட்டுவிடும்' என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.
தனி ஒரு இடிமுகிலுக்கு அது பொருந்தும். அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள். முகில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தால் கதை வேறு. 1992 ஜூன் 4 அன்று கொழும்பில் ஒரே நாளில் 490 மி.மீ.க்கு மேல் பெய்தது. ஓராண்டு மழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது. 2010 நவம்பர் 10 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் 400 மி.மீ.க்கு மேல் கொட்டி, பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. 1992 மழை வந்தது தென்மேல் காலத்தில், 2010 மழை வந்தது இடைப்பருவத்தில். ஒரு மணித்தியாலம் கடந்தும் மழையின் கனம் குறையவில்லை, வந்த திசை இன்னும் இருட்டாகவே இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். ஆமர் வீதிப் பக்கத்துத் தாழ்நிலங்களிலும் வெள்ளவத்தைக் கால்வாயோரத்திலும் இருப்பவர்கள் அந்த நேரமே பத்திரங்களையும் மருந்தையும் உயரத்தில் ஏற்றுங்கள்.

6. தலைக்கு மேல் வெயில் என்பதால் களனி ஏறாது என்று நினைக்காதீர்கள்.
கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளிவாசிகளுக்கு இது முக்கியம். களனி கங்கை மலையில் பிறந்து 145 கி.மீ. ஓடி முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. உங்கள் வெள்ளம் கித்துல்கலவிலும் தெரணியகலவிலும் பெய்த மழையில் தயாராகும். கொழும்பில் வானம் வெளுத்த பிறகும் நீர் ஏறலாம். 2016 மே மாதத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதி மக்கள் அனுபவித்தது அதுதான். ஆகவே வெள்ளத்துக்கு உங்கள் தெருவின் முகிலைப் பார்க்காமல், நாகலகம் வீதி நீர்மட்டத்தையும் ஹங்வெல்ல நீர்மட்டத்தையும் பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் இரண்டையும் வெளியிடுகிறது.

7. செயற்கைக்கோள் படத்தின் வெண்மையை மழை என்று வாசிக்காதீர்கள்.
கைத்தொலைபேசியில் வரும் அகச்சிவப்புப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்த முகில் உச்சி. மழையே இல்லாத கீற்று முகிலும் அதில் வெள்ளைதான். அதேவேளை, தென்மேல் காலத்துத் தாழ்ந்த முகில் சாம்பலாகத் தெரிந்தும் நன்றாக நனைத்துவிடும். படத்தைப் பார்த்தபின் யன்னலையும் பாருங்கள்.

8. கரையில் அமைதி என்பதால் கடலில் இறங்காதீர்கள்.
2013 ஜூன் 8 அன்று தென்மேல் காலத்துத் திடீர்க் கடுங்காற்று தென்மேற்குக் கரைக்கு அப்பால் நாற்பதுக்கு மேற்பட்ட கடற்றொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. அன்று முதல் இந்தக் கரையில் எவரும் வானத்தை இலேசாக எடுக்கக் கூடாது. கரைக்கு இணையாக, கடலின் மேல் நீண்ட கறுப்பு வரிசை தெரிந்தால் குளிக்கவும் வேண்டாம், தண்டவாளத்தோரக் கற்களில் உட்காரவும் வேண்டாம். அடியிலிருந்து தும்பிக்கை போல ஒன்று கடலை நோக்கித் தொங்கினால் அது நீர்த்தாரை. படம் எடுக்க அருகே போகாதீர்கள்.

இடி கேட்டபின்

இடைப்பருவத்தின் இடிமுகில் மின்னலாலும் உயிரைப் பறிக்கும். ஆகவே இதற்குத் தனிப் பட்டியல்.

*செய்யுங்கள்:*

• மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட செக்கன்களை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கி.மீ. முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள். உடனே கட்டடத்துக்குள் போங்கள்.

• கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை உள்ளேயே இருங்கள். மழை விட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

• தொலைக்காட்சி, கணினி, இணையப் பெட்டி ஆகியவற்றின் பிளக்கை இடி நெருங்கும் முன்னரே கழற்றிவிடுங்கள்.

• காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகளை, முதல் இடி கேட்கும் முன், முகில் எழும்பும்போதே கூப்பிடுங்கள்.

*செய்யாதீர்கள்:*

• தென்னையின் கீழும் தனிமரத்தின் கீழும் ஒதுங்காதீர்கள்.

• ஓட்டோவைப் பாதுகாப்பான இடம் என்று நினைக்காதீர்கள். நான்கு பக்கமும் உலோகத்தால் மூடி, யன்னல் ஏற்றிய கார், பஸ், வான் மட்டுமே பாதுகாப்பு.

• மொட்டை மாடியில் உடுப்பு எடுக்க ஓடாதீர்கள். உடுப்பு நனைந்தால் மறுபடி காயும்.

• இடி முழங்கும்போது குளிக்காதீர்கள், கம்பி இணைப்புத் தொலைபேசியில் பேசாதீர்கள்.

• மழை இன்னும் வரவில்லை என்று வெளியே நிற்காதீர்கள். பட்டடை முகிலின் விளிம்பிலிருந்து, மழை பெய்யும் இடத்துக்குப் பல கி.மீ. தள்ளியும் மின்னல் இறங்கும்.

பத்து முகிலும் ஒரே பார்வையில்

1802 ஆம் ஆண்டு லண்டனில் லூக் ஹவார்ட் என்ற மருந்து வணிகர் முகில்களுக்கு இலத்தீனில் பெயரிட்டார். இன்று உலக வானிலை அமைப்பு ஏற்கும் பத்து வகையும் அந்தப் பெயர்களில் கிளைத்தவை. கொழும்பில் அவற்றின் பொருள் இதுதான்.

• கீற்று – மயிரிழை போல, மிக உயரத்தில். இன்று கவலை இல்லை. நவம்பரில் ஒரே திசையிலிருந்து பெருகினால் செய்தியைக் கேளுங்கள்.

• கீற்றுத்திரள் – பொடிப் பொடியாக. கொழும்பில் அதிகம் காண்பதில்லை. மழை இல்லை.

• கீற்றுப்படை – வட்டம் காட்டும். நிழல் விழும். காத்திருந்து பாருங்கள்.

• இடைத்திரள் – துண்டுகளாக, வரிசையாக. கோபுரம் முளைத்தால் பின்னேரம் இடி.

• இடைப்படை – நிழல் இல்லை. தடித்தால் நீண்ட மழை.

• மழைப்படை – சூரியனே இல்லை. மணிக்கணக்கில் மழை. வடிகாலைக் கவனியுங்கள்.

• படைத்திரள் – தாழ்ந்த, பெரிய துண்டுகள். தூறல். குடை போதும்.

• படை – புகார் போலத் தாழ்ந்தது. கொழும்பில் மழைக்குப் பின் சிறு நேரம் தெரியும்.

• திரள் – தட்டை அடி, உருண்ட தலை. காலையில் நல்லது. நண்பகலுக்கு முன்னரே உயரத் தொடங்கினால் பின்னேரத் திட்டத்தை மாற்றுங்கள். அயனத்தில் இடி இல்லாமலே இது நனைக்கவும் செய்யும்.

• திரள்மழை – நார்த்தலை, கறுத்த அடி, இடி. உள்ளே போங்கள்.

ஒரு மாதப் பயிற்சி

ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து யன்னலோரம் வையுங்கள். காலை 8.30, பிற்பகல் 2.30, மாலை 5.30 என்று மூன்று வேளை குறியுங்கள். இலங்கையின் வானிலை அவதானிப்பு நேரங்களில் இவையும் அடங்கும். நாளாந்த மழையளவும் காலை 8.30க்குத்தான் எடுக்கப்படுகிறது. எட்டில் எத்தனை பங்கு, எந்த வகை, எந்தத் திசை, காற்று எங்கிருந்து, அடுத்த மணித்தியாலம் மழை வருமா என்ற உங்கள் ஊகம் – இந்த ஐந்தும் போதும். பிறகு நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. புவியியல் பாடத்தில் படமாகக் கண்டதை அவர்கள் தங்கள் தெருவின் மேல் காண்பார்கள்.

இது பொழுதுபோக்குக்காகச் சொல்வதல்ல. நடைபாதையில் மரக்கறி பரப்பி விற்பவர், சாரத்தில் நின்று சுவர் பூசுபவர், முகத்துவாரத்திலிருந்து படகு இறக்குபவர், பாடசாலை விட்டு நடந்து வரும் பிள்ளை – இவர்களுக்கெல்லாம் அரை மணித்தியால முன்னறிவு என்பது பொருளையும் சில வேளை உயிரையும் காப்பது. மேல்மாடியில் இருந்து கடலையும் கிழக்கையும் பார்க்கக் கூடியவர்களுக்கு அந்த அரை மணித்தியாலம் முன்னதாகவே கிடைக்கிறது. கண்டதைக் கீழே இருப்பவருக்குச் சொல்லுங்கள்.